ஏற்றாத பேட்ச்களின் வரிசையை மாற்றுவது எப்படி: பேட்ச் அடுக்குக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

நிரலில் செய்த ஒரு மாற்றத்தை உரையாக எழுதிவைத்த கோப்புதான் பேட்ச். அந்த மாற்றத்தை நிரலில் செய்வது ஏற்றுவது, திரும்ப எடுப்பது இறக்குவது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் பேட்ச்களின் தொகுப்பே பேட்ச் அடுக்கு. அதில் வரிசையை மாற்றுவது, ஓர் உரைக்கோப்பில் ஒரு வரியை வெட்டி வேறிடத்தில் ஒட்டுகிற வேலை. அரை நிமிடம்கூட ஆகாது. அந்தப் புதிய வரிசை தாங்குமா என்பது பேட்ச்களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கும்போதுதான் தெரியவரும். புதியவர்கள் தடுமாறுவதும், சில நேரம் எழுதிய நிரலையே இழப்பதும் இந்த இரண்டாவது பகுதியில்தான். அதனால் வரியை நகர்த்துவதைச் சுருக்கமாகவும், அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவற்றை விரிவாகவும் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுகள் மெர்க்குரியல் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் எம்க்யூ நீட்சியை வைத்து அமைந்தவை. லினக்ஸ் கர்னல் பேட்ச்களைக் கையாள ஆண்ட்ரூ மார்ட்டன் எழுதிய ஸ்கிரிப்டுகளிலிருந்து குவில்ட் என்ற பேட்ச் கருவி வளர்ந்தது. குவில்ட்டின் வழிமுறையை 2005-ல் கிறிஸ் மேசன் மெர்க்குரியலுக்குள் கொண்டுவந்தார், அதுதான் எம்க்யூ. ஆகவே ஒன்றில் பழகினால் மற்றதில் பாதி தெரிந்த மாதிரி. குவில்ட், ஸ்டேக்டு கிட் (கிட்டின் மேல் இயங்கும் பேட்ச் அடுக்குக் கருவி) ஆகியவை எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பிற்பகுதியில் தந்திருக்கிறோம். கட்டளைகளின் பெயர்கள் இங்கே ஒலிப்படி தமிழில் உள்ளன; டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். எம்க்யூ மெர்க்குரியலோடு சேர்ந்தே வருகிறது. மெர்க்குரியலின் அமைப்புக் கோப்பில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ பகுதியின் கீழே ‘எம்க்யூ =’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும், இயங்கத் தொடங்கும்.

வரிசை எங்கே எழுதப்பட்டிருக்கிறது

நிரலும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தின் ‘.ஹெச்ஜி’ கோப்புறைக்குள் ‘பேட்ச்சஸ்’ என்றொரு கோப்புறை இருக்கும். ஒவ்வொரு பேட்சும் அதில் தனிக் கோப்பு. கூடவே இரண்டு முக்கியமான கோப்புகள் உண்டு. ‘சீரீஸ்’ கோப்பில் எல்லாப் பேட்ச்களின் பெயரும் வரிக்கு ஒன்றாக, ஏற்றவேண்டிய வரிசையில் இருக்கும். ‘ஸ்டேட்டஸ்’ கோப்பில் இப்போது ஏற்றியிருக்கும் பேட்ச்கள் மட்டும், அவற்றின் கமிட் (களஞ்சியத்தில் பதிவான மாற்றம்) அடையாளத்தோடு இருக்கும். சீரீஸை நீங்கள் கையால் திருத்தலாம். அப்படித் திருத்துவதற்கென்றே அது எளிய உரையாக வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டேட்டஸை ஒருபோதும் தொடாதீர்கள்.

அடுத்து ஏற்றவேண்டியது எது என்று எம்க்யூ எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கடைசியாக ஏற்றிய பேட்சின் பெயரை ஸ்டேட்டஸில் பார்க்கிறது. அந்தப் பெயர் சீரீஸில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடுகிறது. அதற்கு அடுத்த வரியில் இருப்பதுதான் அடுத்த பேட்ச். அதற்கு முந்தைய வரிகள் எல்லாம் ஏற்கெனவே ஏற்றப்பட்டவை என்று அது எடுத்துக்கொள்கிறது, சரிபார்ப்பதில்லை.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. ஏற்றாத ஒரு பேட்சின் வரியை, ஏற்றிய பேட்ச்களுக்கு நடுவிலோ அவற்றுக்கு முன்போ கொண்டுபோய் வைத்தால் எம்க்யூ அதை ஓசையில்லாமல் தாண்டிப் போய்விடும். ஏற்றியவை பட்டியலிலும் அது வராது, காத்திருப்பவை பட்டியலிலும் வராது. பெயர் சொல்லி ஏற்ற முயன்றால் மட்டும், முந்தைய பேட்சை ஏற்ற முடியாது என்று பிழைச்செய்தி வரும். எனவே நகர்த்தப்போகும் பேட்சும், அது போய்ச் சேரப்போகும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் பேட்ச்களும் அனைத்தும் இறக்கப்பட்டிருக்க வேண்டும்.

திசையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சீரீஸ் கோப்பில் முதலில் ஏற்றப்படுவது மேலே இருக்கும். டார்ட்டாய்ஸ் ஹெச்ஜி போன்ற வரைபட இடைமுகங்களின் வரலாற்றுப் படத்தில் புதியது மேலே இருக்கும், அதாவது தலைகீழ். ‘மேலே நகர்த்து’ என்று யாராவது சொன்னால் எந்தத் திரையைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் மேல், கீழ் என்ற பேச்சைக் கூடுமானவரை தவிர்த்து, ‘முன்’ என்றால் முதலில் ஏற்றப்படுவது, ‘பின்’ என்றால் பிறகு ஏற்றப்படுவது என்று வைத்துக்கொள்வோம்.

எடுத்துக்காட்டு அடுக்கு

ஐந்து பேட்ச்கள் இருப்பதாகக் கொள்வோம்:

```
பெயர்மாற்றம்
லாக்-வரிகள்
தேதிப்பிழை
தேடல்-வசதி
தேடல்-சோதனை
```

முதலாவது ஒரு ஃபங்ஷனின் பெயரை நிரல் முழுக்க மாற்றுகிறது. இரண்டாவது பிழைதேடுவதற்காகப் போட்ட தற்காலிக லாக் வரிகள். மூன்றாவது ஒரு பிழைத்திருத்தம்; அது தயாராகிவிட்டது, முதன்மைக் களஞ்சியத்துக்கு இன்றே அனுப்பவேண்டும். நான்காவது புதிய வசதி. ஐந்தாவது அதற்கான சோதனைகள்.

அனுப்பவேண்டியது அடுக்கின் தொடக்கத்தில் இருக்கவேண்டும். எம்க்யூவில் ஒரு பேட்சை நிலையான கமிட்டாக மாற்றும் ‘க்யூஃபினிஷ்’ கட்டளை அடுக்கின் அடியிலிருந்து, அதாவது முதலில் ஏற்றியதிலிருந்துதான் வேலைசெய்யும். நடுவிலிருந்து ஒன்றை உருவி எடுக்காது. தற்காலிக லாக் வரிகளின் சரியான இடம் கடைசி. மற்ற பேட்ச்கள் எதுவும் அவற்றைச் சார்ந்திருக்கக் கூடாது. ஆக நமக்கு வேண்டிய வரிசை:

```
தேதிப்பிழை
பெயர்மாற்றம்
தேடல்-வசதி
தேடல்-சோதனை
லாக்-வரிகள்
```

தொடுவதற்கு முன்

வேலைக் கோப்புறையில் எந்தப் பேட்சிலும் சேராத மாற்றம் இருக்கக்கூடாது. ‘ஹெச்ஜி ஸ்டேட்டஸ்’ கட்டளையின் பதில் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள் (‘ஹெச்ஜி’ என்பது மெர்க்குரியலின் கட்டளைப்பெயர்). மாற்றம் இருந்தால் அது எந்தப் பேட்சுக்கு உரியதோ அதில் ‘க்யூரிஃப்ரெஷ்’ (மாற்றத்தைப் பேட்சுக்குள் எழுதும் கட்டளை) செய்து சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் இறக்கும் கட்டளை மறுத்துவிடும். அந்த மறுப்பைத் தாண்ட ‘-எஃப்’ விருப்பத்தைப் போட்டுக் கட்டாயப்படுத்தும் பழக்கம் வேண்டாம். இறக்கும்போது அந்த விருப்பம் பேட்ச் தொடுகிற கோப்புகளில் உங்கள் மாற்றங்களை அழித்துவிடக்கூடும்.

அடுத்தது காப்பு நகல். இதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு பேட்சை இறக்கும்போது எம்க்யூ அதன் கமிட்டைக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிடுகிறது; அதற்குப் பிறகு அந்த மாற்றம் உயிரோடு இருப்பது பேட்ச் கோப்பில் மட்டும்தான். அந்தக் கோப்பைத் தவறாக மேலெழுதினால் திரும்பப் பெற வழியில்லை. நல்லவேளையாக, பேட்ச் கோப்புறையையே ஒரு தனிக் களஞ்சியமாக்க முடியும்:

```
ஹெச்ஜி க்யூஇனிட் -சி
ஹெச்ஜி கமிட் --எம்க்யூ -எம் "வரிசை மாற்றத்துக்கு முன்"
```

அடுக்கைத் தொடங்கிப் பல நாள் கழித்தும் முதல் கட்டளையைக் கொடுக்கலாம். இருக்கும் பேட்ச்களை அது சேர்த்துக்கொள்ளும். ஒருமுறை கொடுத்தால் போதும். இரண்டாவது கட்டளையை ஒவ்வொரு நகர்வுக்கும் முன் கொடுங்கள். எல்லாம் குழம்பிவிட்டால் ‘ஹெச்ஜி க்யூபாப் -ஏ’ கொடுத்து அனைத்தையும் இறக்கிவிட்டு, ‘ஹெச்ஜி ரிவர்ட் --ஆல் --எம்க்யூ’ கொடுத்தால் சீரீஸும் பேட்ச்களும் பழையபடி வந்துவிடும்.

மூன்றாவது, முடிவு நிலையின் பதிவு. வரிசை மட்டும்தான் மாறுகிறது என்றால், ஐந்தும் ஏறிய பிறகு நிரல் எழுத்துக்கு எழுத்து முன்பிருந்தபடியே இருக்கவேண்டும். இதைச் சோதிக்க முதலில் எல்லாவற்றையும் ஏற்றி, மொத்த வேறுபாட்டையும் களஞ்சியத்துக்கு வெளியே ஒரு கோப்பில் எடுத்துவையுங்கள்:

```
ஹெச்ஜி க்யூபுஷ் -ஏ
ஹெச்ஜி டிஃப் --கிட் -ஆர் க்யூபேரன்ட் > ../முன்.டிஃப்
```

‘க்யூபேரன்ட்’ என்பது அடுக்குக்கு அடியில் இருக்கும் கமிட்டுக்கு எம்க்யூ தானாக வைக்கும் அடையாளப்பெயர். குறைந்தது ஒரு பேட்சாவது ஏறியிருந்தால்தான் அது இருக்கும். ‘--கிட்’ விருப்பத்துக்கும் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால் கோப்புத் தலைப்பு வரிகளில் நேரமும் அச்சாகும். பிறகு ஒப்பிடும்போது நிரல் ஒன்றாக இருந்தாலும் நேரம் வேறுபட்டு, வீண் குழப்பம் வரும்.

எது எதைச் சார்ந்திருக்கிறது

நகர்த்துவதற்கு முன் ஐந்து நிமிடம் பேட்ச் கோப்புகளைத் திறந்து படியுங்கள். ஒவ்வொரு பேட்சும் எந்தெந்தக் கோப்புகளைத் தொடுகிறது என்பது ‘+++’ என்று தொடங்கும் வரிகளில் இருக்கும். இரண்டு பேட்ச்களுக்குப் பொதுவான கோப்பே இல்லையென்றால், உரை அளவில் அவற்றை எப்படியும் இடம்மாற்றலாம். பொதுவான கோப்பு இருந்தால் ‘@@’ வரிகளில் உள்ள எண்களைப் பாருங்கள். பேட்சின் ஒவ்வொரு துண்டையும் ஹங்க் என்பார்கள். வழக்கமாக ஒவ்வொரு ஹங்கிலும் மாற்றத்துக்கு முன் 3 வரியும் பின் 3 வரியும் சூழலாகச் சேர்க்கப்பட்டிருக்கும். இரண்டு பேட்ச்களின் மாற்றங்கள் இந்த எல்லைக்கு வெளியே தள்ளியிருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. வரி எண் நகர்வதைக் கருவி தானே சரிசெய்துகொள்ளும். ஒன்றின் சூழல் வரிகளுக்குள் மற்றது கைவைத்திருந்தால் மோதல் வரும், அதாவது ஹங்க் பொருந்தாமல் போகும் என்று எதிர்பாருங்கள்.

ஒரு பேட்ச் புதிதாக உருவாக்கும் கோப்பை இன்னொன்று திருத்தினால், உருவாக்குவது முன்னால்தான் இருக்கவேண்டும். கோப்பின் பெயரை மாற்றும் பேட்ச்களும் அப்படித்தான்.

இன்னொரு வகைச் சார்பு இந்த வரி எண்களில் தெரியாது. தேடல்-சோதனை தனிக் கோப்பில் இருக்கலாம்; தேடல்-வசதிக்கு முன்னால் வைத்தாலும் அழகாக ஏறும். ஆனால் அது அழைக்கும் ஃபங்ஷன் அந்த நிலையில் இருக்காது, நிரல் பில்ட் ஆகாது. பேட்ச் மோதாமல் ஏறியது என்பதால் வரிசை சரி என்று ஆகிவிடாது. லினக்ஸ் கர்னலுக்குப் பேட்ச் அனுப்புவோருக்கான வழிமுறையே, தொடரில் ஒவ்வொரு பேட்சுக்குப் பிறகும் கர்னல் பில்ட் ஆகி ஓடவேண்டும் என்று கேட்கிறது. பின்னாளில் ஒரு பிழை எந்தக் கமிட்டில் புகுந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடும்போது, நடுவில் பில்ட் ஆகாத கமிட் இருந்தால் தேடல் அங்கேயே முடங்கிவிடும்.

எளிய நகர்வு: லாக்-வரிகளைக் கடைசிக்கு

ஒரு நேரத்தில் ஒரு நகர்வு மட்டும் செய்யுங்கள். எது எளிதோ அதை முதலில்.

1. எல்லாவற்றையும் இறக்குங்கள்: ‘ஹெச்ஜி க்யூபாப் -ஏ’. தேவையான அளவு மட்டும் இறக்கினாலும் போதும் என்றாலும், பழகும்வரை முழுவதும் இறக்குவதே பாதுகாப்பு.
2. சீரீஸ் கோப்பை எடிட்டரில் திறந்து, லாக்-வரிகள் என்ற வரியை வெட்டிக் கடைசியில் ஒட்டிச் சேமியுங்கள்.
3. ‘ஹெச்ஜி க்யூசீரீஸ் -வி’ கொடுத்துப் புதிய வரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து வரும்: ‘ஏ’ என்றால் ஏற்றியது, ‘யு’ என்றால் ஏற்றாதது, ‘ஜி’ என்றால் காவல்குறியால் (பேட்சை ஏற்றலாமா கூடாதா என்று சொல்லும் குறி) தடுக்கப்பட்டது. இப்போது எல்லாமே ‘யு’ ஆக இருக்கவேண்டும். எப்போதாவது ஒரு ‘ஏ’வுக்கு முன்னால் ‘யு’ தெரிந்தால், மேலே சொன்ன தாண்டிப்போகும் பிழையில் மாட்டியிருக்கிறீர்கள். முழுவதும் இறக்கினால் சரியாகிவிடும்.
4. ‘ஹெச்ஜி க்யூபுஷ்’ கொடுத்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் பில்ட் செய்து சோதனைகளை ஓட்டுங்கள்.
5. ஐந்தும் ஏறியதும் மறுபடி டிஃப் எடுத்து ‘பின்.டிஃப்’ என்று சேமித்து, ‘முன்.டிஃப்’ கோப்போடு ஒப்பிடுங்கள். வேறுபாடு ஒன்றும் இருக்கக்கூடாது.

வரியை வெட்டி ஒட்டும்போது நேரும் பிழைகள் சில உண்டு. வரியை நகல் எடுத்துவிட்டுப் பழைய இடத்தில் நீக்க மறந்தால், ஒரே பெயர் இருமுறை வருகிறது என்று சொல்லி எம்க்யூ நின்றுவிடும். உடனே தெரிந்துவிடுவதால் இது நல்ல பிழை. வெட்டிவிட்டு ஒட்ட மறந்தால்தான் ஆபத்து. பேட்ச் கோப்பு அப்படியே இருக்கும், ஆனால் அடுக்கில் அது இல்லை; எந்த எச்சரிக்கையும் வராது. ‘ஹெச்ஜி க்யூசீரீஸ் -எம்’ கட்டளை சீரீஸில் இடம்பெறாத பேட்ச் கோப்புகளைக் காட்டும். அவற்றை ‘ஹெச்ஜி க்யூஇம்போர்ட் -இ’ என்பதோடு பெயரைக் கொடுத்துத் திரும்பச் சேர்க்கலாம், அல்லது வரியை மறுபடி தட்டிவிடலாம். பேட்ச் பெயருக்குப் பின் ‘#+’ அல்லது ‘#-’ என்று காவல்குறி எழுதியிருந்தால் முழு வரியையும் சேர்த்தே நகர்த்துங்கள். பெயரை மட்டும் நகர்த்தினால் அந்தப் பேட்ச் தன் காவல்குறியை இழந்துவிடும்.

எடிட்டரே திறக்காமலும் ஒரு வழி உண்டு. காத்திருக்கும் பேட்ச்களில் நடுவில் இருப்பதை அடுத்ததாக ஏற்றவேண்டும் என்றால்:

```
ஹெச்ஜி க்யூபுஷ் --மூவ் தேதிப்பிழை
```

இது சீரீஸில் அந்த வரியை, கடைசியாக ஏற்றியதற்கு நேர் பின்னால் கொண்டுவந்து, அந்த ஒன்றை மட்டும் ஏற்றும். ‘--மூவ்’ இல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால் அந்தப் பேட்ச் வரைக்கும் நடுவில் உள்ள எல்லாமும் ஏறிவிடும் என்பதை மறவாதீர்கள். முழுவதும் இறக்கிவிட்டு, வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாக ‘--மூவ்’ கொடுத்து ஏற்றிக்கொண்டே போனால் அடுக்கு தானாகவே அந்த வரிசைக்கு வந்துவிடும். புதியவர்களுக்கு இந்த வழியைத்தான் முதலில் பரிந்துரைப்போம். எழுத்துப்பிழைக்கு இடமில்லை, மோதல் வந்தால் எந்தப் பேட்சில் வந்தது என்பதும் அந்த நொடியே தெரிந்துவிடும். ஒன்றைப் பின்னால் தள்ளுவதற்கு மட்டும் தனிக் கட்டளை கிடையாது, அதற்கு எடிட்டர்தான்.

மோதல் வரும்போது

இப்போது தேதிப்பிழையைப் பெயர்மாற்றத்துக்கு முன்னால் கொண்டுவரவேண்டும். தேதிப்பிழையின் சூழல் வரிகளில் ஃபங்ஷனின் புதிய பெயர் இருக்கிறது. அதை முதலில் ஏற்ற முயன்றால், கோப்பில் இருப்பது பழைய பெயர் என்பதால் ஹங்க் பொருந்தாது. பேட்ச் தோற்றது, நிராகரிக்கப்பட்டவை வேலைக் கோப்புறையில் விடப்பட்டிருக்கின்றன என்று செய்தி வரும். பொருந்தாத ஹங்குகள் ‘.ரெஜ்’ என்று முடியும் கோப்புகளில் கிடக்கும்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் நிரலை இழக்கிறார்கள். தோற்ற பேட்சையும் எம்க்யூ ஏற்றியதாகவே கணக்கில் வைக்கும்; பொருந்திய ஹங்குகள் மட்டும் உள்ளே போயிருக்கும். அந்த நிலையில் ‘.ரெஜ்’ கோப்பைப் பார்க்காமல் க்யூரிஃப்ரெஷ் கொடுத்தால், பொருந்தியவை மட்டும் கொண்ட அரைகுறைப் பேட்ச் பழைய கோப்பின் மேல் எழுதப்படும். மீதி ஹங்குகள் பேட்சிலிருந்து போய்விடும். பிறகு ‘.ரெஜ்’ கோப்பையும் அழித்துவிட்டால் கதை முடிந்தது. பிழைச்செய்தியே ‘திருத்திவிட்டு ரிஃப்ரெஷ் செய்’ என்ற பொருளில் வருவதால் அவசரத்தில் இரண்டாம் பாதியை மட்டும் செய்துவிடுகிறோம். மோதலைத் தீர்க்க மனமில்லை என்றால் ரிஃப்ரெஷ் செய்யாமல் ‘ஹெச்ஜி க்யூபாப்’ கொடுத்துப் பின்வாங்குங்கள். பேட்ச் கோப்பு பழையபடி இருக்கும். ‘.ரெஜ்’ கோப்புகள் மட்டும் மிச்சம் கிடக்கும், அவற்றைக் கையால் நீக்கவேண்டும்.

இடம்மாறும் இரண்டு பேட்ச்களுமே மோதுவதுதான் வழக்கம். தேதிப்பிழையை முதலில் ஏற்றும்போது ஒரு மோதல், அதைத் தீர்த்தபின் பெயர்மாற்றத்தை ஏற்றும்போது அதே இடத்தில் இன்னொரு மோதல். முதல் மோதலைக் கையால்தான் தீர்க்கவேண்டும். இரண்டாவதைக் கையால் தீர்க்கத் தேவையே இல்லை. இரண்டும் ஏறிய பிறகு நிரல் எப்படி இருக்கவேண்டும் என்பது நமக்கு முன்பே தெரியும்: பழைய வரிசையில் இருந்த அதே நிலை. அதை எடுத்துவைத்துக்கொண்டால் போதும்.

முதலில் பழைய வரிசையில் பெயர்மாற்றம், தேதிப்பிழை இரண்டை மட்டும் ஏற்றுங்கள். லாக்-வரிகளை முன்பே கடைசிக்குத் தள்ளியதால் நடுவில் எதுவும் இல்லை. எளிய நகர்வை முதலில் முடிக்கச் சொன்னதன் பயன் இதுதான். இந்த நிலையை வெளியே ஒரு கோப்புறையில் பதியுங்கள்:

```
ஹெச்ஜி ஆர்க்கைவ் ../முடிவுநிலை
```

கமிட் எண்ணைக் குறித்துவைத்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது, இறக்கியதும் அந்தக் கமிட் களஞ்சியத்தில் இருக்காது.

பிறகு இரண்டையும் இறக்கி, ‘ஹெச்ஜி க்யூபுஷ் --மூவ் தேதிப்பிழை’ கொடுங்கள். மோதல் வரும். ‘.ரெஜ்’ கோப்பைத் திறந்து, ‘+’ வரிகளைச் சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்த்து, ‘-’ வரிகளை நீக்குங்கள். சேர்க்கும் வரிகளில் ஃபங்ஷனின் புதிய பெயர் இருந்தால் அதைப் பழைய பெயராக எழுதவேண்டும்; இந்த நிலையில் பெயர்மாற்றம் இன்னும் நடக்கவில்லை. பில்ட் செய்யுங்கள், சோதனை ஓட்டுங்கள். ‘.ரெஜ்’ கோப்புகள் எல்லாவற்றையும் பார்த்து முடித்தோம் என்று உறுதியான பிறகு க்யூரிஃப்ரெஷ்.

அடுத்து ‘ஹெச்ஜி க்யூபுஷ்’ கொடுத்துப் பெயர்மாற்றத்தை ஏற்றுங்கள். அது மோதினால் ‘.ரெஜ்’ கோப்பைப் படிக்கவேண்டாம். மோதிய கோப்புகளை மட்டும் ‘முடிவுநிலை’ கோப்புறையிலிருந்து அப்படியே எடுத்து வேலைக் கோப்புறையில் உள்ளவற்றின் மேல் போடுங்கள். ‘.ரெஜ்’ கோப்புகளை நீக்கிவிட்டு க்யூரிஃப்ரெஷ் செய்யுங்கள். இப்போது பெயர்மாற்றப் பேட்ச் தானாகச் சரியாகிவிடும். தேதிப்பிழை புதிதாகச் சேர்த்த வரியில் உள்ள பழைய பெயரை மாற்றும் ஹங்கும் அதற்குள் வந்துவிடும். கையால் செய்திருந்தால் அந்த ஒரு வரியைத்தான் தவறவிட்டிருப்போம்.

மோதாமல் ஏறினாலும் ஒரு சோதனை பாக்கி. தேதிப்பிழை சேர்த்த வரி, பெயர்மாற்றத்தின் எந்த ஹங்குக்கும் அருகில் இல்லாவிட்டால் மோதலே வராது. பழைய பெயர் அந்த வரியில் அப்படியே தங்கிவிடும். முடிவுநிலைக் கோப்புறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு அங்கேயே பளிச்சென்று தெரியும். கோப்புறை முழுவதையும் நகலெடுப்பதானால், ஆர்க்கைவ் கட்டளை தன் பங்குக்கு ஒரு ‘.ஹெச்ஜி_ஆர்க்கைவல்’ உரைக்கோப்பைச் சேர்த்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். ஒரு பேட்ச், நிரல் கோப்புகளைப் புதிதாக உருவாக்குவதாகவோ நீக்குவதாகவோ இருந்தால், ரிஃப்ரெஷுக்கு முன் ‘ஹெச்ஜி ஸ்டேட்டஸ்’ பார்த்து, கேள்விக்குறியோ ஆச்சரியக்குறியோ போட்டிருக்கும் கோப்புகளைச் சேர்க்கவும் நீக்கவும் வேண்டும்.

சத்தமில்லாத தவறு

மோதல் கண்ணுக்குத் தெரிகிற சிக்கல். தெரியாத ஒன்றும் உண்டு. சூழல் வரிகள் முழுதாகப் பொருந்தாவிட்டாலும், ஓரங்களில் 2 வரி வரை விட்டுக்கொடுத்து ஹங்கை ஏற்றுவது மெர்க்குரியலின் இயல்பான அமைப்பு. இதை ஃபஸ் என்பார்கள். வரி எண் தள்ளியிருந்தாலும் பொருந்தும் இடத்தைத் தேடிப் பிடிக்கும், அது ஆஃப்செட். ஒரே மாதிரியான வரிகள் திரும்பத் திரும்ப வரும் கோப்பில், உதாரணமாக நீளமான அமைப்புப் பட்டியலிலோ வரிசையாக அடுக்கிய சோதனை ஃபங்ஷன்களிலோ, இந்தத் தாராளம் ஹங்கைத் தவறான இடத்தில் உட்காரவைத்துவிடும். பேட்ச் ஏறியது என்றுதான் செய்தி வரும். ஏற்றும்போது ‘ஃபஸ்’ என்ற சொல்லோ பெரிய ஆஃப்செட் எண்ணோ கண்ணில் பட்டால் நின்று, அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் அங்கேயே ஒரு க்யூரிஃப்ரெஷ் செய்யுங்கள்; பேட்சின் சூழல் வரிகள் புதுப்பிக்கப்பட்டு அடுத்தமுறை சுத்தமாக ஏறும்.

முன்.டிஃப், பின்.டிஃப் ஒப்பீடு இந்தத் தவறையும் பிடித்துவிடும். அதனால்தான் அதைக் கட்டாயம் என்கிறோம்.

குவில்ட், ஸ்டேக்டு கிட், கிட்

குவில்ட்டிலும் சீரீஸ் கோப்புதான். ஏற்றியவற்றின் பட்டியல் ‘.பிசி’ கோப்புறைக்குள் இருக்கும். சீரீஸ் வரிகளில் ‘-பி0’ போன்ற விருப்பங்கள் இருக்கலாம், வரியை முழுதாக நகர்த்துங்கள். ஏற்றிய பேட்ச்களுக்கும் சீரீஸுக்கும் பொருந்தவில்லை என்றால் குவில்ட் வெளிப்படையாகச் சொல்லி, முழுவதும் இறக்கச் சொல்லும். பொருந்தாத பேட்சை அது ஏற்றவே ஏற்றாது. ‘-எஃப்’ கொடுத்தால்தான் ‘.ரெஜ்’ கோப்புகளோடு ஏற்றும். புதியவர்களுக்கு இந்த இரண்டு விஷயத்திலும் எம்க்யூவைவிடக் குவில்ட் பரிவானது. ‘குவில்ட் பேட்ச்சஸ்’ கட்டளையோடு கோப்புப் பெயரைக் கொடுத்தால் அந்தக் கோப்பைத் தொடும் பேட்ச்களைக் காட்டும். ‘குவில்ட் கிராஃப்’ ஏற்றிய பேட்ச்களுக்கு இடையிலான சார்பைப் படமாக வரைவதற்கான தரவைத் தரும். டெபியன் தொகுப்புகளில் ‘டெபியன்/பேட்ச்சஸ்’ கோப்புறையில் இதே முறைதான், ஆனால் தொகுப்பைப் பிரிக்கும் கருவி ஃபஸ் எதையும் அனுமதிக்காது. வரிசை மாற்றிய பிறகு ஒவ்வொரு பேட்சையும் ஏற்றி ‘குவில்ட் ரிஃப்ரெஷ்’ செய்துவிடுங்கள்.

ஸ்டேக்டு கிட்டில் சீரீஸ் கோப்பைத் திருத்தும் வேலையே இல்லை. ஏற்றாத எந்தப் பேட்சையும் பெயர் சொல்லி ‘புஷ்’ செய்தால் அது மட்டும் அடுத்ததாக ஏறும். ‘ஃப்ளோட்’ ஒரு பேட்சை அடுக்கின் உச்சிக்கும், ‘சிங்க்’ அடிக்கும் கொண்டுபோகும். உரையை ஒட்டுவதற்குப் பதிலாக மூவழி இணைப்பு (இரண்டு மாற்றங்களையும் அவற்றின் பொது மூலத்தோடு ஒப்பிட்டு இணைப்பது) நடப்பதால் மோதல்கள் குறைவு, வந்தாலும் ‘.ரெஜ்’ கோப்புக்குப் பதில் கோப்புக்குள்ளேயே குறியீடுகளோடு நிற்கும்.

வெறும் கிட்டில், ஊடாடும் ரீபேஸ் (கமிட்களை வரிசைமாற்றி மறுபடி அடுக்கும் வசதி) திறக்கும் பட்டியலே நம் சீரீஸ் கோப்பு போன்றது. அதில் பழையது மேலே இருக்கும். ‘கிட் லாக்’ காட்டுவதற்குத் தலைகீழ். ரீபேஸ் முடிந்ததும் பழைய நுனிக்கும் புதிய நுனிக்கும் இடையே டிஃப் எடுங்கள், வெறுமையாக வரவேண்டும். ரீபேஸைத் தொடங்கும் முன் பழைய நுனியில் ஒரு கிளைப்பெயர் வைத்துவிட்டால் இந்த ஒப்பீடும் எளிது, பின்வாங்குவதும் எளிது.

இடம்மாற மறுக்கும் பேட்ச்கள்

சில ஜோடிகள் எத்தனை முறை முயன்றாலும் மோதிக்கொண்டே இருக்கும். ஒன்று எழுதிய வரிகளையே மற்றது திருத்துகிறது என்றால் அவை இரண்டு பேட்ச்கள் அல்ல, ஒரே மாற்றத்தின் இரண்டு வரைவுகள். முந்தையதை ஏற்றிய நிலையில் ‘ஹெச்ஜி க்யூஃபோல்டு’ கொடுத்துப் பிந்தையதை அதனுள் மடித்துவிடுங்கள். பிறகு தேவையென்றால் கருத்து வாரியாகப் புதிதாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பேட்சில் ஒரே ஒரு ஹங்க் மட்டும் தடையாக இருந்தால், அந்த ஹங்கைத் தனிப் பேட்சாகப் பிரித்து அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, மீதியை மட்டும் நகர்த்துவது மேல்.

நம் எடுத்துக்காட்டில் எல்லாம் சரியாக முடிந்திருந்தால், இப்போது தேதிப்பிழை அடுக்கின் அடியில் இருக்கிறது. இரண்டு டிஃப் கோப்புகளும் ஒன்றாக இருக்கின்றன. ‘ஹெச்ஜி கமிட் --எம்க்யூ’ கொடுத்துப் புதிய வரிசையைப் பதிந்துகொண்டு, ‘ஹெச்ஜி க்யூஃபினிஷ் க்யூபேஸ்’ கொடுங்கள். தேதிப்பிழை அடுக்கிலிருந்து விலகிச் சாதாரணக் கமிட்டாகிவிடும். அதை மட்டும் முதன்மைக் களஞ்சியத்துக்கு அனுப்பலாம். மற்ற நான்கும் அதன் மேல் ஏறியபடியே இருக்கும். முடிவுநிலைக் கோப்புறையை அதன் பிறகு நீக்குங்கள், அதற்கு முன் வேண்டாம்.